எழுத்துப் பிழை

மாங்குளம் ஆஸ்பத்திரிப் பின்கட்டிடம்.
பத்து மணிக்கு மின்தடை என்றால்
ஒன்பதரைக்கே போய்விடும்.
பழைய நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை
யன்னல் பக்கம் திருப்பி வெயிலைப் பிடிக்கிறேன்.

நீலத்தில் சிவப்புக் குச்சிகள்.
ஒன்றில் ஒன்று சாய்ந்தபடி,
லொறிப் பெட்டிக்குள் நித்திரையான சனம் மாதிரி.
அமிலம் ஊற்றிக் கழுவினாலும் நிறம் விடாததுகள்.
எண்ணினேன். ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டேன்.
மூன்று கூட்டல் குறி.

போத்தலில் பெயர்: சுகந்தமலர், துணுக்காய், நாற்பத்தாறு.

"எங்கயிருந்து வந்தது தங்கச்சி?"

போன வருசம் ஆராய்ச்சிக்காரர் ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள்.
நான் கொடுத்த பதினேழு சளியில்
பன்னிரண்டு, முதலாம் வம்சம்.
இந்தச் சமுத்திரத்தின் கரையெல்லாம் குடியிருக்கிற பழசு.
சோழகத்தில் ஒரு பக்கம், வாடையில் மறுபக்கம்
தோணிக்காரர் நெஞ்சுக்குள் இருந்து
தீர்வை கட்டாமல் இறங்கினது.
மூன்று, நாலாம் வம்சம்; வெள்ளைக்காரன் கப்பலில் வந்தது,
அதே கப்பலில் மற்றக் கண்டங்களுக்கும் போனது.
ஒன்று வடஇந்தியப் பக்கத்தது.
மிஞ்சின ஒன்று, சீனத்துப் பக்கத்து இரண்டாம் வம்சம்.
அது கிடந்த நெஞ்சு
ஓமந்தைக்கு அங்கால் போயே அறியாத
கல்விளான் உழவு மெசின் ட்ரைவருடையது.
"பாஸ் இல்லாமல் எப்பிடி விட்டவங்கள்?" என்று கேட்டார்.
சிரித்தோம். அவர் இருமினார்.
நான் மாஸ்க்கை இழுத்துவிட்டேன்.

உங்கடையும் அநேகமாய் முதலாம் வம்சம்தான் அக்கா.
"உள்ளூரோ?"
ஓம், உள்ளூர் மாதிரித்தான்.
"அப்ப இவற்றையாய் இருக்குமோ?"

இவர், ஞானரூபன்.
இரண்டாயிரத்து ஏழு, மல்லாவி கிளினிக்.
ஆறு மாதக் குளிசையில் இரண்டு மாதம் விழுங்கினவர்.
பிறகு மருந்து வரவில்லை.
பிறகு மல்லாவியே மல்லாவியில் இருக்கவில்லை.
இன்னொரு கந்தோரில், இன்னொரு பதிவேட்டில்
ஞானருபன் என்று இருக்கிறார்.
அந்த 'ரு'வை 'ரூ' ஆக்க
அவ மூன்று தரம் பஸ் ஏறினா.
"இது வேற ஆளாயும் இருக்கலாம் அம்மா" என்றார்களாம்.

நான் விளங்கப்படுத்தினேன்.
கிருமிக்குள் நாற்பத்துநாலு லட்சம் எழுத்து.
தன்னைப் பார்த்துத் தானே எழுதிப் பெருகும்.
இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் ஒரு எழுத்தில் பிழை விடும்,
அவ்வளவுதான். திருத்த ஆளில்லை.
அடுத்ததுக்கும் அதே பிழை போகும், அதற்கடுத்ததுக்கும்.
அதை வைத்துத்தான்
ஆரிடமிருந்து ஆருக்கு என்று சொல்கிறோம்.
பிழையே இல்லாவிட்டால் சொந்தம் பிடிக்க ஏலாது.

"அப்ப பாருங்கோவன்."

பார்க்க அவற்றையும் வேணும் அக்கா.
மல்லாவிக் கண்ணாடித் துண்டுகள்
கூரையோடு போய்விட்டன.

ரயில் கேற் மணி அடித்து ஓய்ந்தது.
அவ போத்தல் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"ஒரு தறப்பாளுக்குக் கீழ இருமினது
பதினாறு வருசம் நித்திரை கொள்ளுமோ?"
கொள்ளும்.
"இந்தக் குளிசை எல்லாத்தையும் கொல்லுமோ?"
கொல்லும்.
"ஒண்டும் மிஞ்சாதோ?"

எனக்குப் படிப்பித்த பதில் ஒன்று இருந்தது.
சொல்லவில்லை.

மருந்து கொடுக்கிற மிஸ் அன்று லீவு.
அட்டை எழுதுவதும் நான்தான்.
இன்றைக்கே, என் கண்ணுக்கு முன்னால்
முதல் குளிசை விழுங்க வேணும் என்பது சட்டம்.
வீட்டில் வேற ஆரும் இருக்கினமோ?
"நான் மட்டும்தான்."
ஆட்டோவில் ஏறாதேங்கோ, மாஸ்க்கைக் கழற்றாதேங்கோ,
விடிய எட்டு மணிக்கு இங்க நிக்க வேணும் என்றேன்.
தலையாட்டினா.

அட்டையின் முதல் கட்டத்தில்
நாளைய திகதியைப் போட்டேன்.
மேலதிகாரி கேட்டால்
எழுத்துப் பிழை என்று சொல்லலாம்.